குடியை விடப் போய்த் தங்கைக்குக் கல்யாணம் பேசிய கதை

தான் குடிப்பது யாருக்கும் தெரியாது என்று குடிக்கிறவன் ஒவ்வொருத்தனும் நினைத்துக்கொண்டிருப்பான். நானும் ஏலக்காய், பாக்கு, கொய்யா இலை என்று எதையாவது மென்று துப்பிவிட்டு, காஞ்சிபுரத்தையே ஏமாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு மடையன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி துணிப் பெட்டியைக் கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

"இன்னிக்கு அந்தக் கூட்டத்துக்குப் போய்ட்டு வா. இல்லாங்காட்டி கொழந்தயத் தூக்கிக்கினு ஐயம்பேட்டைக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். போனதுக்கு சாட்சியும் வேணும்."

சாட்சி கேட்டதில் தப்பில்லை. போன வாரம் அதே கூட்டத்துக்கென்று கிளம்பி நான் போய்ச் சேர்ந்த இடம் வேறு (எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும்). அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. பயந்துவிட்டேன்.

அது குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடுகிற கூட்டம். பேர் ஊர் கேட்க மாட்டார்கள், வாசலில் பலகை வைக்க மாட்டார்கள். வெட்கப்படுகிறவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று யோசித்திருக்கிறார்கள். அந்த வெட்கப்படுகிறவன் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பான் என்று ஒரு புண்ணியவானும் யோசிக்கவில்லை. டாக்டர் கொடுத்த சீட்டில் 'பிள்ளையார்பாளையம், கோயிலுக்குப் பின்புறம், மாடி, மாலை ஆறு மணி' என்று எழுதியிருந்தது. காஞ்சிபுரத்தில் 'கோயிலுக்குப் பின்புறம்' என்று விலாசம் எழுதியவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எந்தக் கோயில் ஐயா?

யாரிடமும் கேட்கவும் முடியாது. என் தாய்மாமன் சைக்கிள் கடை அந்தப் பக்கம்தான். அவர் காதில் விழுந்தால் மானம் போச்சு.

கையில் சீட்டோடு மாடி மாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெசவாளர் தெருவில் நடந்தால் என்ன ஆகும்? புடவை புரோக்கர் பிடித்துக்கொள்வார்.

"இன்னா சார், கல்யாணப் பொடவையா?"

"ஆமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"யாருக்குக் கல்யாணம்?"

"தங்கச்சிக்கு." (அவள் அப்போது காலேஜ் முதல் வருஷம்.)

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு தறிக்காரர் வீட்டுப் பாயில் உட்கார வைத்துவிட்டார். மடி நிறையப் புடவை. முகூர்த்தம் எப்போ? தையில். மாப்பிள்ளை? பேங்க்கில். குடிகாரனுக்குப் பொய்க்கா பஞ்சம்? ஆனால் சொந்த ஊர் எது என்று புரோக்கர் கேட்டபோது மட்டும் முசரவாக்கம் என்று உண்மை வந்துவிட்டது.

"முசரவாக்கமா? நம்ம சைக்கிள் கடைக்காரரும் அந்த ஊருதானே, உனுக்கு இன்னா வேணும்பா?"

"தாய்மாமன்" என்றேன். நாக்கில் சனி.

மாமாவிடம் நல்ல செய்தி சொல்ல புரோக்கர் ஓடினார். மணி ஆறாகப் பத்து நிமிஷம். நான் சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தேன். தறிக்காரர் நிதானமாகப் புடவையை மடித்தார்.

"நீ தேடற எடம் எதிர் மாடிபா. டியூஷன் நடக்குதே, அங்கதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாராவாரம் ரெண்டு பேராவது எங்கிட்ட பொடவ பாத்துட்டுத்தான் மேல போறாங்க" என்றார்.

மாடியில் டியூஷன் பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தராக எழுந்து, தான் குடிகாரன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். என் முறை வந்தது. நண்பனுக்காக விசாரிக்க வந்தேன் என்று சொல்லத் தயாராக எழுந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மாமா; தறிக்காரர்தான் மாடியைக் காட்டியிருப்பார். கையெல்லாம் சைக்கிள் கிரீஸ்.

"ஏன்டா, தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், என்னியக் கேக்காம பொண்ணுக்குப் பொடவ எடுக்கறியா? சீர் செய்யப் போறது நானா, அந்த புரோக்கரா?"

எத்தனை பொய்தான் சொல்வது. அலுத்துவிட்டது.

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. நான் குடிக்கறேன். விட முடியல. அதுக்குத்தான் வந்தேன்."

கூட்டம் கை தட்டியது. என்னை நானே அறிமுகம் செய்துகொண்டதாக நினைத்துவிட்டார்கள். மாமா மட்டும் அசரவில்லை.

"அது ஊருக்கே தெரியும்டா. கல்யாணம் இருக்குதா இல்லியா, அதச் சொல்லு."

இல்லை என்று நான் சத்தியம் செய்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூட்டம் முடிகிறவரை என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சைக்கிள் கேரியரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்கினார்.

"முழுசா ஒரு மணி நேரம் குந்திக்கினு இருந்தான்மா. என் கண்ணால பாத்தேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். சாட்சி.

அவள் பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது. மாமா இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் முசரவாக்கத்தில் பாதி ஊர் எங்கள் அம்மாவிடம் பேங்க் மாப்பிள்ளையை விசாரித்தது. தங்கை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிற்பாடு ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அவரோடு சண்டை வரும்போதெல்லாம், "அண்ணே, அந்த பேங்க்காரரு இன்னும் சும்மாதான் இருக்காரா?" என்று எனக்கு போன் போடுகிறாள்.

நடுவில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். அப்புறம் இன்றுவரை தொடவில்லை. ஞாயிறு சாயங்காலம் பிள்ளையார்பாளையத்தில் யாராவது எங்கே என்று கேட்டால், "குடிய விட்டவங்க கூட்டத்துக்கு" என்று உரக்கவே சொல்கிறேன். ஒருத்தரும் நம்புவதில்லை.

"அது கெடக்கட்டும். இந்த வாட்டி யாருக்குபா கல்யாணம்?" என்கிறார்கள்.