பதினாலாம் நம்பர் வீட்டின் நலம் குறித்து

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். எங்கள் பொறுப்பில் நீங்கள் விட்டுப்போன எதிர்வீடும் சுகம். ஆறு வருடமாகப் பூட்டியே கிடக்கும் அந்தப் பூட்டுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் விடுகிறேன். தெருவில் என்ன விசேஷம் என்று கேட்டிருந்தீர்கள். நம் தெருவுக்குச் சமூக உணர்வு வந்துவிட்டது. வந்து மூன்று மாதமாகிறது, இன்னும் இறங்கவில்லை.

நமக்கெல்லாம் துணி தைக்கும் தையல்காரம்மாவை நினைவிருக்கும். அவர் வாடகைக்கு இருந்த அறையை இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தையல் மிஷினோடு தெருமுனை பஸ் ஸ்டாப் நிழற்குடையில்தான் குடித்தனம். கையில் ஒரே ஒரு தார்ப்பாய். அதை மிஷினுக்குப் போர்த்திவிட்டு அவர் குளிரில் படுத்துக்கொள்வார். நாமும் இரக்கமில்லாதவர்களா என்ன? "அவசரமே இல்லம்மா, நாளைக்குக் காலையில குடுத்தா போதும்" என்று சொல்லித்தான் அங்கேயும் துணி கொடுத்தோம். மழைக்காலம் நெருங்கியதும் தெருச் சங்கத் தலைவரான பல் டாக்டருக்கு மனம் கேட்கவில்லை. அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் பேசாமல் இருப்பதையே பார்த்துப் பழகியவர். நம் தெரு, பின் தெரு, கடைக்காரர்கள் என மூன்று தரப்பையும் சேர்த்து ஒரு கூட்டுக்குழு அமைத்தார். செயலாளர் நான். முதல் இரண்டு கூட்டம் குழுவுக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. மூன்றாவதில் நன்கொடை குவிந்தது: பதினோரு தலையணை, ஒரு சுவர்க்கடிகாரம், 'நல்வரவு' என்று எழுதிய மிதியடி ஒன்று. கடிகாரத்தை மாட்டச் சுவரும் மிதியடியைப் போட வாசலும் மட்டும் யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. 'வீடில்லாதோர் இல்லாத தெரு' என்று பெரிய பேனர் ஒன்று அடித்தார்கள். அதற்கு ஓரம் தைக்க யாரிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவரிடமேதான். தைத்து முடித்ததும் நிழற்குடையிலேயே கட்டினோம். "கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டுங்க சார், சாரல் அடிக்காது" என்றார். எங்கள் திட்டத்தால் அவருக்குக் கிடைத்த முதல் பயன் அது.

நான்காவது கூட்டத்தில் பின் தெரு மளிகைக்கடைக்காரர், "அந்தம்மாவையே கூப்ட்டு என்ன வேணும்னு கேட்டா என்ன?" என்று ஒரு விபரீத யோசனை சொன்னார். கூப்பிட்டோம். அப்புறம்தான் விதி குறுக்கே வந்தது. சங்கத்து நோட்டில் மூன்று கட்டம்: கதவு எண், பெயர், கருத்து. கதவு எண் இல்லாதவருக்குக் கருத்தும் கிடையாது. வீடில்லாததைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு வீடு வேண்டும்! இதை அரைமணி நேரம் விவாதித்தார்கள். அந்தம்மா நின்றுகொண்டே இருந்தார். எனக்குக் கால் வலித்தது, அவரைப் பார்த்து. எந்தக் கூட்டத்திலும் நோட்டில் ஏறாத கதவு எண் உங்கள் வீட்டினுடையது. சட்டென்று '14' என்று எழுதி, "பேசுங்கம்மா" என்றேன்.

"தலகாணி வேணாம் சார். ஒரு கதவு, உள்ள தாப்பா, மிஷினப் போட ஜன்னலோரமா ஒரு எடம். வாடகை குடுத்துடுவேன்" என்றார். ஆழ்ந்த கருத்து என்று பாராட்டிக் கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் நோட்டைப் படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அம்மா பதினாலாம் நம்பர்லயா இருக்காங்க?" நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு இருப்பவர் பேசி அவர் கேட்டதில்லையே. "அப்ப பிரச்சன தீந்துடுச்சே!" என்று எழுந்தேவிட்டார். இனி நம் தெருவில் வீடில்லாதவர் எவருமில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டு, பெருமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பின் தெருக்காரர்களோடு சண்டையும் போட்டுவிட்டு, குழுவைக் கலைத்தார்கள். நோட்டில் இருக்கிறதே, அப்புறம் என்ன? அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பேனரை மிஷினுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு அந்தம்மா நனைந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது மைத்துனரே, சோறு இறங்கவில்லை. உங்கள் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தண்ணீரும் இறங்கவில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் வீட்டை ஒருவரும் தொடவில்லை. நடந்தது நோட்டில் நேர்ந்த ஒரு சிறு பிழை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அடித்துத் திருத்திவிடுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பி.கு.: இந்தக் கடிதத்தை மூன்று வாரமாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நோட்டைத் திருத்த வேண்டியதில்லை, அதில் இருப்பது இப்போது உண்மை. நான் இதை எழுதி முடித்த கையோடு, அந்த மழை விடுவதற்குள்ளேயே உங்கள் அக்கா சாவியை எடுத்துக்கொண்டு குடையோடு இறங்கிப் போய்விட்டாள். மிஷினின் ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன். அது இப்போது உங்கள் கூடத்து ஜன்னலோரம் ஓடுகிறது. பூட்டுக்கு எண்ணெய் விடும் வேலை எனக்கு மிச்சம். "எந்தம்பி வேணாம்னா சொல்லப்போறான்?" என்கிறாள், சொல்வதாக இருந்தால் அவளுக்கே எழுதுங்கள். ஊருக்கு வரும்போது எங்களோடு தங்கலாம், தலையணை நிறைய இருக்கிறது. உங்கள் வீட்டையும் எட்டிப் பாருங்கள். வாசலில் 'நல்வரவு' மிதியடி போட்டிருக்கிறது. கதவைத் தட்டுங்கள், உள்தாழ்ப்பாள் போட்டிருப்பார்.