மாமியின் தோளில் இறங்கிய இராணி

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்து நண்டு ஓடிய மணல் போல இருக்கும். பிழைகளை நீங்களே திருத்தி வாசியுங்கள். வாயால் சொல்லலாமே என்றால் அது இன்னும் மோசம், நாலு பேர் முன்னால் என் வாய் திறக்காது.

எங்களுடையது கடற்றொழில் குடும்பம். எனக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும். அதனால் உயிலங்குளத்தில் அக்கா வீட்டில் தங்கித் தேனீ வளர்த்தேன். (தேனீயோடு பேசத் தேவையில்லை.) பிறகு இராணித் தேனீ வளர்த்து விற்கலாம் என்று ஓர் ஆசை வந்தது. இதுவும் சரிவராவிட்டால் வள்ளத்துக்கு வா என்று அத்தான் சொல்லிவிட்டார்.

கன்னி இராணி வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு சோடி சேர்வது வாழ்க்கையில் ஓரிரு பின்னேரங்கள்தான். அதற்காக அதை இரண்டு அடை, இரண்டு கைப்பிடித் தேனீயோடு தனியாக ஒரு சின்னப் பெட்டியில் வைக்க வேண்டும். திரும்பும்போது வழிதவறி வேறு பெட்டிக்குள் நுழைந்தால் அங்குள்ளவை கொன்றுவிடும். ஆகவே பெட்டிக்குப் பெட்டி வேறு அடையாளம் வைக்கச் சொல்லித் தேனீ வளர்ப்பு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். என்ன அடையாளம் என்று கேட்க எனக்கு வெட்கம். எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான்: கடலில் வலை கிடக்கும் இடத்தைக் காட்ட எங்கள் ஆட்கள் தடியில் கட்டி மிதக்க விடும் கொடி.

மீன்பெட்டிப் பலகையில் மூன்று பெட்டி அடித்து, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று கொடி நட்டேன். முதல் கிழமையே சோளகக் காற்று சிவப்பையும் வெள்ளையையும் பிய்த்துக்கொண்டு போனது. அந்த இரண்டு இராணிகளும் பெட்டி மாறிப் போய்ச் செத்தன. மிஞ்சியது மஞ்சள் கொடிக்காரி மட்டும்.

அவள் பறக்க வேண்டிய பின்னேரம் பார்த்து, என்னை மாப்பிள்ளை பார்க்கப் பெண்ணின் தாயும் தகப்பனும் வந்தார்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அக்கா வேப்பமர நிழலில், பெட்டிக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டிருந்தா. முற்றம் கடற்கரை மீன் வாடி மாதிரிக் கிடக்கு என்று கொடியையும் பிடுங்கி எறிந்துவிட்டா. பெண்ணின் தாய் அந்தக் கதிரையில் இருந்தார். அவர் கட்டியிருந்தது மஞ்சள் சேலை.

இராணி ஏற்கெனவே பறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கதிரையை மாற்றச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தால் நான் ஏன் தேனீ வளர்க்கிறேன்?

பெண்ணின் தகப்பன், "தம்பி என்ன தொழில் செய்யிறீர்?" என்று கேட்டார். அக்கா எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மஞ்சள் கொடிக்காரி பறந்து வந்தாள். கொடி நின்ற இடத்தை மூன்று தரம் சுற்றினாள். பிறகு அந்த அம்மாவின் இடது தோளில் இறங்கி, சேலை மடிப்புக்குள் நடந்து போனாள். இராணியின் மணம் பிடித்துப் பெட்டிக்குள் இருந்தவையும் புறப்பட்டு வந்து அதே தோளில் அப்பின. தட்டிவிட அந்த அம்மா கையைத் தூக்கினார். அந்தக் கை இறங்கினால் நான் வள்ளத்துக்கு.

"மாமி, அசையாதேங்கோ. இப்ப நீங்கள்தான் பெட்டி."

அக்கா தலையில் கை வைத்தா. நான் வெறும் பெட்டியைத் தூக்கிவந்து, வாசல் தோளோடு முட்டப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவை ஆறுதலாக, ஒவ்வொன்றாக, பூசைக்குப் போகிறவர்கள் போல உள்ளே நடந்தன. ஒரு மணித்தியாலம். மாமி கெபிக்குள் வைத்த மாதா சுரூபம் மாதிரி இருந்தார், கண் மட்டும் என்னை எரித்தது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு வசனத்தை முழுதாகப் பேசி முடிக்காத மனிதர் பெண்ணின் தகப்பன், என் மாமா. அன்றைக்கு யாரும் குறுக்கிடவில்லை. காணி, வீடு, கலியாண மாதம் எல்லாவற்றையும் அக்காவோடு தானே பேசினார். ஒவ்வொன்றுக்கும் ஒருக்கால் மாமியைத் திரும்பிப் பார்ப்பார். மாமியால் தலையாட்ட முடியாது.

"அவ மறுக்கேல்லை," என்றார் மாமா. "பெடியனும் மாமி எண்டே கூப்பிட்டுட்டான். பிறகென்ன?"

பொழுதுபடும்போது இராணி உள்ளே போனாள். மாமி எழும்பினார். எல்லாம் முற்றாகியிருந்தது. அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் குத்து விழுந்தது, அதுவும் என் உதட்டில். இரண்டு நாள் என்னால் பேச முடியவில்லை. வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எட்டாம் நாள் பெட்டியைத் திறந்தேன். அடையில் முட்டை: அன்றைக்குச் சோடி சேர்ந்துதான் வந்திருக்கிறாள். அந்த இராணியின் வழியில் வந்தவைதான் இன்றைக்கும் எங்களுக்குச் சோறு போடுகின்றன. வள்ளத்தில் நான் திரும்ப ஏறவில்லை.

மாமி இதை வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறார். அதனால்தான் என் மனைவி என்னை எழுதச் சொன்னா. எங்கள் வீட்டில் யாராவது பதில் சொல்லாமல் இருந்தால், "என்ன, பெட்டியா இருக்கிறியோ?" என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். மாமி மட்டும் சிரிக்க மாட்டார். "என்ர சம்மதத்தை இண்டைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்பார்.

எழுதி முடித்தது ஆவணி பதினாறாம் திகதி, பின்னேரம் நாலரை மணி. மாமி வந்திருக்கிறார், நீலச் சேலையில். கதிரையை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே தேத்தண்ணி குடிக்கிறார்.