உப்பு அம்பாரத்தில் ஒரு பனிச்சறுக்கு

பனிச்சறுக்குக் கட்டையைப் பற்றி 'ரெண்டுக்கும்' அண்ணாச்சியைவிட அதிகமாக யோசித்த மனிதர் இந்தப் பூமியில் கிடையாது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் திரண்டு சண்டைக்கு வந்தாலும் இதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. இத்தனைக்கும் அவர் வடக்கே போனது மதுரை வரைக்கும்தான். அதுவும் கண் ஆஸ்பத்திரிக்கு.

தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் அவர் சீனியர். இறங்குகிற சரக்கு டாரிஃப் என்கிற சுங்க வரிப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரும், எந்த வரி விழும் என்று அதிகாரிகளோடு மல்லுக்கட்டுவது அவருக்கு வேலை, எங்களுக்கு வேடிக்கை. 'ரெண்டுக்கும்' என்ற பட்டப்பெயர் வந்த கதை வேறு. எந்தக் கடையில் எதை எடுத்துக் காட்டினாலும், "ரெண்டுக்கும் ஆவுமா?" என்று கேட்பார். கல்யாணத்துக்கும் மழைக்கும் ஒரே செருப்பு. குடை வாங்கினால் அது ஒட்டடையும் அடிக்க வேண்டும். ஒருமுறை மூக்குக் கண்ணாடிக் கடையில் இதே கேள்வியைக் கேட்டு, கடைக்காரரைத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை எங்கள் ஊருக்குப் பக்கத்து நாசரேத்துக்காரப் பையன். நல்ல பிள்ளை, ஆனால் பனிச்சறுக்குப் பைத்தியம். வருகிற குளிர்காலத்துக்கு அண்ணாச்சியை அங்கே கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வாயை விட்டுவிட்டார்.

"மாமா, நாங்க சறுக்கப் போவும்போது நீங்க வீட்டுல ஹீட்டர் பக்கத்துல போர்வையப் போத்திட்டு இருங்க."

"ஏன், நானும் சறுக்குதேன்."

"அது லேசு இல்ல மாமா. மலைச்சரிவுக்கு ஒரு கட்டை, குதிச்சு வெளையாடுத பார்க்குக்கு வேற கட்டை."

"ரெண்டுக்கும் ஆவுற மாதிரி ஒண்ணு இருக்குமே?"

மாப்பிள்ளை சிரித்தார். "ரெண்டுக்கும் ஆவுறது ஒண்ணுக்கும் ஆவாது மாமா."

அண்ணாச்சியின் முகம் செத்துப் போய்விட்டது. அவர் வாழ்ந்த வாழ்க்கை மொத்தத்தையும் ஒரு வரியில் தள்ளுபடி செய்துவிட்டாரே மனிதர்! போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏலே, ஒரே கட்டையில ரெண்டையும் செஞ்சு காட்டுதேன். முடியலன்னா டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருவேன். மாப்பிள வீட்டு மூலையில போர்வையும் நானுமா என்னால கெடக்க முடியாது." விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு வருஷமாக மகளை நேரில் பார்க்காத மனிதர்.

அதற்குப் பிறகு ஆபீஸில் வேறு பேச்சே கிடையாது. கட்டை ஒல்லியாக இருந்தால் இறுகிய பனியில் சட்டென்று திரும்பும், அகலமாக இருந்தால் புதுப்பனியில் புதையாது, ஆகவே நடுத்தரம். ரொம்ப விறைப்பாக இருந்தால் குதிக்கும்போது முட்டி போகும், ரொம்ப வளைந்தால் வேகத்தில் நடுங்கும், ஆகவே அதுவும் நடுத்தரம். ஓரத்து இரும்புப் பட்டை தடிமனாக இருக்க வேண்டும், பார்க்கில் கம்பி மேல் வழுக்கும்போது தேயும். நீளம் மூக்குக்கு மேலே, நெற்றிக்குக் கீழே. இதற்காக எங்கள் எல்லோருடைய மூக்கையும் அளந்தார்.

"முக்கியமான விசயம் கேளு. முன்னும் பின்னும் ரெண்டு முனையும் மேல வளைஞ்சிருக்கணும். நம்ம தோணி மாதிரி. அப்பத்தான் பின்பக்கமா வந்து விழுந்தாலும் குத்தி நிக்காது."

கடைசியில் மணாலியில் ஒரு கடைக்காரரைப் போனில் பிடித்தார். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் "ரெண்டுக்கும் ஆவுமா" என்பதை அந்த மனிதருக்குப் புரியவைத்துவிட்டார். கட்டையும் அதில் மாட்டுகிற பூட்ஸுமாகப் பார்சல் வந்த அன்று, பெட்டியின் நீளத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டில் இருந்து துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

கட்டை வந்தாயிற்று, மலைக்கு எங்கே போவது? இந்த ஊரில் வெள்ளையாக, உயரமாக, சரிவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், குவித்து வைத்த உப்பு அம்பாரம். நேரே செல்லக்கனி அக்காவின் உப்பளத்துக்குப் போனோம்.

செல்லக்கனி அக்கா உப்பளத்தைத் தனியாளாகக் கட்டி ஆளுகிறவர். கட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "அம்பாரத்து மேல செருப்புக் காலோட எவனும் ஏறுனது கெடையாது அண்ணாச்சி. உப்பு லெட்சுமி."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அதிகாரி முன்னால் நிற்கும்போது வருகிற அதே குரல். "செல்லக்கனி, இந்த பூட்ஸ் இருக்கே, இது டாரிஃப்ல பாதரட்சைத் தலைப்பு. ஒத்துக்கிடுதேன். ஆனா இந்தக் கட்டை வெளையாட்டுச் சாமான் தலைப்பு. உப்பு மேல படுதது எது? கட்டை. பூட்ஸ் கட்டைக்கு மேலதான நிக்குது? அப்ப செருப்பு எங்கன லெட்சுமி மேல படுது?"

பெரிய பெரிய அதிகாரிகளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாதம் அது. அக்கா பூட்ஸையும் கட்டையையும் இன்னொரு முறை பார்த்தார். "சரி. ஏறும்போது வெறுங்காலு."

வெறுங்காலோடு ஏறி, உச்சியில் கட்டை மேலேயே குந்தி பூட்ஸ் மாட்டி, ஜெபம் செய்து, உந்தினார். நகரவில்லை. மறுபடி உந்தினார். கல் உப்பு கட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கொடிக்கம்பம் நட்ட மாதிரி வெயிலில் நின்றார். கீழே உப்பு அள்ளுகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில், "டிக்கெட்டக் கேன்சல் பண்ணச் சொல்லிருதேன்லே" என்றார்.

அவரைக் காப்பாற்றியது ஐப்பசி. மழை வருமுன் அம்பாரங்களை மூடிவிடுவது உப்பளத்து வழக்கம். முன்பெல்லாம் ஓலை, இப்போது வழவழவென்று பிளாஸ்டிக் விரிப்பு. முதல் தூறல் விழுந்ததும் செல்லக்கனி அக்காவே போன் போட்டார். "அண்ணாச்சி, மேல ஏறுன எங்க ஆளு ஒருத்தன் கால வச்ச ஒடனே கீழ வந்துட்டான். நீங்க கட்டைய எடுத்துட்டு வாங்க."

கயிற்றைப் பிடித்து ஏறினார், வெறுங்காலோடுதான். பூட்ஸ் மாட்டினார். இந்த முறை உந்தக்கூட இல்லை. அம்பாரம் அவரைக் கீழே அனுப்பிவிட்டது. வேட்டி மடித்துக் கட்டிய அறுபது வயது மனிதர் விர்ரென்று வருகிறார், வளைகிறார், சரிவில் அழகாகத் திரும்புகிறார்! நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கத்தினேன்: "நிறுத்தும் அண்ணாச்சி, நிறுத்தும்!" நிறுத்துவது எப்படி என்பதை மட்டும் அவர் ஆராய்ந்திருக்கவில்லை.

விரிப்பின் நுனி பாத்தி வரப்பு மேல் ஏறிக் கிடந்தது. அதில் ஏறி ஆகாயத்துக்குப் போனார். அங்கே ஒரு அரைச்சுற்று சுற்றினார். முதுகு முன்னால் வர, தண்ணீர் நின்ற பாத்தியில் இறங்கி, விழாமல், பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போய் நின்றார். உப்பளமே விசிலடித்தது. செல்லக்கனி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார், லட்சுமியையா அண்ணாச்சியையா என்று தெரியவில்லை.

"குதிச்சது வேணும்னே செஞ்சதுதான்" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்கிக்கொண்டே. நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம்.

படத்தைக் கனடாவுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா... பின்பக்கமா எறங்குனீங்களே, எனக்கே இன்னும் அது சரியா வரல."

"ஒரே கட்டைதான் மாப்பிள."

"நான் சொன்னது தப்பு மாமா. கட்டையோடயே வாங்க. ரெண்டு பேருமா மலைக்கும் போவோம், பார்க்குக்கும் போவோம்."

அண்ணாச்சி போனை என் கையில் கொடுத்துவிட்டு, உப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்று கண்ணைத் துடைத்தார். நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார். பனியை முதலில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாராம், உப்பே இல்லையாம். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மலைச்சரிவில் மாமனும் மாப்பிள்ளையும், அண்ணாச்சி ஒரு முழம் முன்னால். ஆபீஸில் காட்டினேன், டீக்கடையில் காட்டினேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் காட்டினேன். "உங்க அப்பாவா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.