ஹெல்மெட் பாஸ்ரர்

ஹெல்மெட்டோடு ஜெபம் செய்யக்கூடிய போதகர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பரந்தனில் எங்கள் சபையில் இருந்தார். நான் அங்கே கீபோர்ட் வாசிப்பவன். மோட்டார் சைக்கிளால் இறங்கினால் ஓட்டமாக உள்ளே வருவார். கண்ணை மூடிப் பாதி ஜெபம் போன பிறகுதான் தலை பாரமாக இருப்பது தெரியும்.

அவரையும் குறை சொல்ல முடியாது. சபை பரந்தனில். பாரிசவாதத்தில் விழுந்த தகப்பன் கனகராயன்குளத்தில், தங்கச்சி வீட்டில். கிழமைக்கு நாலு நாள் அங்கே ஓடிப்போய், தகப்பனைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பி ஓடி வருவார். ஒரு ஞாயிறு வேதப் புத்தகத்தைத் திறந்து, உள்ளே இருந்த தாளைக் கணீரென்று வாசித்தார்: "காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று, சாப்பாட்டுக்குப் பிறகு."

முன்வரிசை ஆச்சி ஒருவர் "ஆமென்" என்றார்.

வீட்டில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். மனைவியைச் சபையில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சபையாரின் வீடுகளுக்குப் போகும் நாட்களை அவர் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். அக்கா ஒருநாள் அதை எடுத்து, 'வியாழன் நாலு மணி: உங்கடை வீடு' என்று எழுதிவிட்டார். மனுசன் சரியாக நாலு மணிக்கு வந்து கதிரையில் அமர்ந்து, பழக்கத்தில் கேட்டார்: "என்னத்துக்காக ஜெபிக்கோணும்?"

"எங்களையும் மாமாவிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் அக்கா.

அது லேசான காரியமல்ல. தகப்பன் பழுத்த சைவர். மகன் ஞானஸ்நானம் எடுத்த நாளில் இருந்து அவரோடு கதைக்கவில்லை. பிறகு வருத்தம் வந்து, கதைக்கவே ஏலாமல் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கிழமையில் இருந்து குடும்பமாகப் போனார்கள்.

வவுனியாவுக்குப் போன எங்கள் சபை மூப்பர் ஒருவர், வழியில் தகப்பனைப் பார்க்கப் போயிருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்:

"பாஸ்ரர், நீங்கள் கொப்பருக்குத் திருநீறு பூசி விடுறனீங்களோ?"

"ஓம் அண்ணை."

"நீங்களோ?"

"அப்பாவுக்குக் கை ஏலாது. எனக்கு ஏலும்."

பின்னால் இருந்து அக்கா எழும்பினார். "திருநீறு வாங்கிக் குடுக்கிறது நான்தான், அண்ணை."

மூப்பர் மூன்று ஞாயிறு சபைக்கு வரவில்லை.

முதல்முறை பூசியபோது தகப்பன் என்ன செய்தார் என்று பிறகு நான் பாஸ்ரரிடம் கேட்டேன். "கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தவர். பிறகு இடக்கையாலை என்ரை மணிக்கட்டைப் பிடிச்சவர். விடேல்லை," என்றார்.

மாரி தொடங்க முன்னம் தகப்பன் போய்விட்டார். சைவமுறைப்படிதான் எல்லாம் நடந்தது. பாஸ்ரர் கொள்ளி வைக்கவில்லை, தம்பிக்காரன் வைத்தான். இவர் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்து போனார். மூப்பரும் வந்திருந்தார். நேரே போய் மற்றப் பக்கத்தில் தோள் கொடுத்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் பின்னேரம் பாஸ்ரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் வீதிப் புழுதி.

"கனகராயன்குளத்துக்கெண்டு வெளிக்கிட்டு மாங்குளம் தாண்டிப் போட்டன் தம்பி. அதுக்குப் பிறகுதான், அப்பா இல்லையெண்டு ஞாபகம் வந்தது."

உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். என் மனைவியை அழைத்துத் தேத்தண்ணி போடச் சொன்னேன். அக்காவுக்குப் போன் எடுத்து, "இஞ்சை எங்களோடை இருக்கிறார், யோசிக்காதேங்கோ," என்றேன். பிறகு என் கதிரையை அவருடையதற்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.