மூட்டம் போட்ட தயாரிப்பாளர்

படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். பணம் போட்டவனுக்கு மட்டும் இருக்காது. ஒரு நாற்காலியும் இளநீரும் கொடுத்து, "சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க, நிழல் விழுது" என்பார்கள். அந்த நாற்காலியில் நான் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் இன்று என் பெயர் திரையில் வந்திருக்கும்.

எனக்குத் தொழில் மாங்காய். கோவிந்தாபுரம் பக்கத்துத் தோப்புகளைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பேன். பூவைப் பார்த்து விலை பேசிவிட்டுக் காய் இறங்கும் வரை தோப்பே கதி என்று கிடப்பது எங்கள் வழக்கம். ஓர் இயக்குநர் தம்பி வந்து பாதிக் கதை சொன்னான். பூ நன்றாக இருந்தது, கையோடு முன்பணம் கொடுத்துவிட்டேன். (மீதிக் கதையை நான் கேட்கவே இல்லை. பூவில் யாராவது காயைக் கேட்பார்களா?) சொந்தபந்தம் முழுக்கத் தகவல் போனது. "படம் வந்தா மொத நாளே பஸ்ஸு பேசி எல்லாத்தையும் கூட்டிட்டுப் போறனுங்க" என்று மாமனார் ஊர் ஊராகச் சொல்லிவிட்டார். இனிமேல் படம் வராவிட்டால் கல்யாணம் காதுகுத்துக்குத் தலைகாட்ட முடியாது.

படப்பிடிப்பு எனக்கு ஒரே அதிசயம். ரயில் தண்டவாளம் மாதிரி போட்டு அதன்மேல் கேமரா வண்டியைத் தள்ளுகிறவர் எதற்குச் செருப்பைக் கழற்றுகிறார்? அழுகிற காட்சிக்கு முன்னால் நடிகர் எதற்கு ரெண்டு தட்டு உப்புமா சாப்பிடுகிறார்? எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்டேன். முதல் நாள் பதில் சொன்னார்கள். மறுநாள் முதல் என்னைக் கண்டாலே ஏதாவது ஒயரைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

கடைசிக் காட்சி மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். பல வருடம் கழித்து ஒரு தாய் பனிமூட்டத்துக்குள்ளிருந்து மகனை நோக்கி நடந்து வருகிறாள். மூத்த நடிகை ஒருவர் அந்த ஒரு நாள் மட்டும் கொடுத்திருந்தார். எஸ்டேட்டிலும் அந்த ஒரு காலைக்குத்தான் அனுமதி. புகை மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்று இயக்குநர் முன்பே கேட்டிருந்தான். "மூணாறுப் பக்கம் போயிப் பொகைக்கு வாடகையா?" என்று சிரித்தேன். தயாரிப்பாளராக நான் எடுத்த ஒரே முடிவு அது.

அன்று விடிந்தால், வானம் துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருக்கிறது.

"அண்ணா, பனி இல்லீங்ணா. படமே போச்சுங்ணா" என்று இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "பொகைதானப்பா வேணும்?"

மாமரம் பூக்கட்டும் என்று மரத்தடியில் சருகு கொளுத்தி, மேலே ஈரத் தழையைப் போட்டு மூட்டம் போடுவது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். லைட் தூக்குகிறவர்களை வைத்துப் பாதையோரமாகக் குவியல் குவியலாக மூட்டினேன். சற்று நேரத்தில் வெள்ளை வெளேரென்று புகை. இயக்குநர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கேமரா ஓடியது. தாய் நடக்கத் தொடங்கினாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஊரில் புகை மேலே போகும். இங்கே அந்தக் குளிரில் தரையோடு தரையாகப் படுத்துச் சரிவில் இறங்கியது. எங்கேதான் போகிறது? பின்னாலேயே நடந்தேன். (படம் எடுப்பதை விட்டுவிட்டுப் புகை பார்க்கப் போன தயாரிப்பாளர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) கீழே தேயிலை ஃபேக்டரி. பறித்த கொழுந்தை மேல்மாடியில் வாடப் பரப்பிவைத்துப் பெரிய பெரிய ஃபேன்களால் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். என் புகை வரிசையாக ஜன்னல் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஃபேக்டரியைக் கவனிக்கிற டீமேக்கர் பாய்ந்து வந்தார். "யாருய்யா தீ வச்சது?"

"தீ இல்லீங்க, மூட்டமுங்க. பூப் புடிக்கறதுக்குப் போடறதுங்க."

"இங்க என்ன பூவுய்யா பிடிக்கணும்? கொழுந்து பூரா பொக நாத்தம் ஏறிப் போச்சு! மாடில ஒரு பீடி பத்த வைக்க விடமாட்டோம்யா நாங்க!"

அடுத்த நிமிடம் எஸ்டேட் ஆட்கள் குடத்தோடும் குழாயோடும் மேலே ஓடினார்கள். மூட்டத்தோடு சேர்த்து மூத்த நடிகையையும் நனைத்துவிட்டார்கள். ஜீப்பில் வந்த மேனேஜர் அனுமதியை ரத்து செய்தார். கெட்டுப்போன கொழுந்தையும் விடவில்லை. அதை அரைத்துத் தூளாக்கி, மொத்தத்தையும் என் தலையில் கட்டினார். நடிகை மறுபடி தேதி தரவே இல்லை. அந்தத் தாய் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறாள். மலை இறங்கும்போது இயக்குநர் தம்பி அழுதான். எனக்கும் அழுகை முட்டியது. (அவன் பிறகு வேறொருவர் பணத்தில் படம் எடுத்துப் பேர் வாங்கிவிட்டான். அந்தப் படம் முழுக்க வெயில்.)

விசாரிக்க வந்த சொந்தக்காரர்களுக்கு என் மனைவி வேறு வழியில்லாமல் அந்தத் தூளில் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார்கள். மூட்டைகள் இன்னும் தீரவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அவள் சமையலறையிலிருந்து, "ஏனுங்க, படம் போடட்டுங்களா?" என்றுதான் கேட்கிறாள்.

மாமனார் பாதி டம்ளரைக் குடித்துவிட்டுக் கீழே வைப்பார். என் பக்கம் திரும்பக்கூட மாட்டார், மகளிடம்தான் சொல்வார். "இடைவேளை உட்டாச்சு சாமி. சூடாறறதுக்குள்ள முறுக்குக் கொண்டா."