தோல் சங்கதி

“தோலு இன்னும் டைட்டாத்தான் சார் இருக்குது. வெந்நீரு, மருந்து எல்லாம் நீங்க சொன்ன மாரிதான் நடக்குது. இழுத்தா கொஞ்சம் குடுக்குது. ஜாஸ்தி இழுத்தா கிழிஞ்சிடுமோன்னு பயமா இருக்குது.”

ஆம்பூரில் தோலைப் பற்றி உரக்கப் பேசினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்த்திபன் அதைக் கெமிக்கல் டிரம்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்ததுதான் தப்பாகப் போயிற்று. போனை அணைத்துவிட்டு எழுந்தால், எதிரே மேனேஜர் சுந்தரமூர்த்தி.

“யாரோட தோலு அது?”

பார்த்திபன் அந்தத் தோல் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கர். நாள் முழுக்கத் தோலை இழுத்து, மடித்து, தடவிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற வேலை. ஆனால் போனில் பேசியது சொந்தத் தோலைப் பற்றி. அதிலும் வெளியே சொல்ல முடியாத இடத்துத் தோல். முன்தோல் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இறுக்கம். கல்யாணம் ஆகும்வரை அது ஒரு குறை என்றே அவனுக்குத் தெரியாது. ஆனபிறகு வலி தெரியப்படுத்தியது. பயந்துபோய் வேலூருக்கு பஸ் ஏறினான்.

டாக்டர் தேவானந்தம் கத்தியை எடுக்கவில்லை. “ஆபரேஷன்லாம் இப்ப வேணாம் தம்பி. வெந்நீர்ல குளிச்சி, தோல் இளகினப்புறம் இந்த மருந்தத் தடவி, மெதுவா பின்னால இழுங்க. இறுக்கம் தெரியலாம், வலி தெரியக் கூடாது. வலிச்சா விட்டுடுங்க. முடிச்சதும் தோலை மறக்காம பழைய இடத்துக்கே கொண்டாந்துடணும். அவசரப்பட்டா புண்ணாயிடும்” என்றார்.

இதையெல்லாம் மேனேஜரிடம் சொல்ல முடியுமா?

“என் தோஸ்த்தோட தோலு சார்” என்றான் பார்த்திபன்.

“எந்த தோஸ்த்?”

“வாணியம்பாடி சார்.”

“எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்ல சார். தனி ஆளு. சின்ன அளவுலதான்.”

சுந்தரமூர்த்தியின் முகம் கறுத்தது. கேன்டீன் சாம்பாரில் உப்பு கம்மியானால்கூட இது யார் வேலை என்று கேட்கிறவர் அவர். இப்போது குரலைத் தாழ்த்தி, “வெந்நீரு, மருந்து, மெதுவா இழுக்கறது... இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?” என்றார்.

“யாரும் சொல்லல சார். அனுபவம்தான்.”

“வேற யார்கிட்ட சொல்லிருக்க?”

“சத்தியமா யார்கிட்டயும் இல்ல சார்.”

“இந்தப் பேச்சு கம்பெனி கேட்டத் தாண்டுச்சு, தொலைச்சிடுவேன்.”

பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்ததில், சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்க ஒரே பேச்சு. பார்த்திபன் நம்ம கம்பெனி தோல் பதப்படுத்தும் மருந்து முறையை வாணியம்பாடிக்காரனுக்கு விற்கிறானாம். மெஷினில் நிற்கிறவர்கள் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் எவ்வளவுக்கு முடிந்தது என்று கண்ணாலேயே கேட்டார்கள்.

மறுநாள் காலையில் விஷயத்தை முடித்துவிடுவது என்று பார்த்திபன் மேனேஜர் அறைக்குப் போனான்.

“சார், அந்தத் தோல விட்டாச்சு சார். அது சரிப்படாதாம்.”

சுந்தரமூர்த்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “சரிப்படாதா? யார் சொன்னது? வேலூர்ல சொன்னாங்களா?”

வேலூர் என்று இவருக்கு எப்படித் தெரியும்? ஆள் வைத்துப் பின்தொடர்கிறாரா?

“வேலூரா? நான் வேலூர் பக்கமே போறதில்ல சார்.”

“வியாழக்கிழமையானா பர்மிஷன் போட்டுட்டு எங்க போற?”

“வொய்ஃபுக்கு உடம்பு சரியில்ல சார். ஆஸ்பத்திரிக்கு.”

“எந்த ஊரு ஆஸ்பத்திரி?”

“வேலூர்...” என்று வாயிலிருந்து வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் வெளியே வந்ததும் சுந்தரமூர்த்தி அவன் மனைவி தேவிகாவுக்குப் போன் போட்டு, வியாழக்கிழமையானால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களாமே, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். “எனக்கு இன்னா சார்? கல்லு மாரி இருக்கேன்” என்று அவள் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் தேவிகா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் சந்தேகங்கள் சேர்ந்து கிடந்தன. பாத்ரூமுக்குப் போனால் வாளி வாளியாக வெந்நீர், உள்தாழ்ப்பாள், வெளியே வர மனமே இல்லை. ராத்திரியானால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். கிட்டே போனால் தலைவலி என்கிறான்.

“வேலூர்ல யாரு அவ?”

“எவ?”

“வியாழக்கிழமைக்காரி.”

“அய்யோ தேவி, அங்க இருக்கிறது ஒரு வழுக்கத்தலை ஆம்பள!”

தேவிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் சொன்னதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது பார்த்திபனுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி மறைத்தால் குடும்பமே மிஞ்சாது. கதவைச் சாத்தினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

தேவிகா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“இதுக்கா? என்னப் புடிக்கலியோன்னு நான் தெனம் தலகாணிய நனைச்சினு கிடந்தேன். டாக்டர்கிட்ட சொல்லத் தெரியுது, என்கிட்ட சொல்ல வாய் வரலியா?”

“வெக்கமா இருந்துச்சு.”

“வெந்நீர் வெக்கறது நானு. எனக்குத் தெரியாம இன்னா வெக்கம்?” என்று எழுந்து போய் அடுப்பில் அண்டாவை ஏற்றினாள்.

வீடு தெளிந்தது. தொழிற்சாலைதான் இன்னும் முற்றியது. திங்கட்கிழமை பார்த்திபனைச் செக்கிங்கிலிருந்து தூக்கிப் பச்சைத்தோல் கொட்டகைக்குப் போட்டார் சுந்தரமூர்த்தி. உப்புப் போட்ட தோல் மலைமலையாகக் கிடக்கும் இடம். நாற்றம் பஸ்வரைக்கும் கூட வரும். அதை விரட்ட இரண்டு மடங்கு வெந்நீர் வேண்டியிருந்தது. தோல் அதில் நன்றாகவே இளகியது என்பது மட்டும்தான் லாபம்.

“இன்னொண்ணு” என்றார் சுந்தரமூர்த்தி. “இனிமே வியாழக்கிழமை உனக்குப் பர்மிஷன் கிடையாது. அன்னிக்கு நீ ஆம்பூரத் தாண்டினன்னு தெரிஞ்சா, மறுநாள் வேலைக்கு வர வேணாம்.”

அந்த டாக்டர் அங்கே வருவதே வியாழக்கிழமைதான். பார்த்திபன் இடிந்துபோய் வீட்டுக்கு வந்தான்.

“வேலை போனா போவட்டும்” என்றாள் தேவிகா. “வாரத்துல ஒரு நாள் டாக்டரப் பாக்கக்கூட விடாத வேலை இன்னா வேலை? டாக்டர் முடிஞ்சிடுச்சின்னு சொல்ற வரைக்கும் நானும் கூட வர்றேன். அப்புறம் அந்தாளுகிட்ட நானே நேருக்கு நேரா சொல்றேன், யாரோட தோலுன்னு.”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம், தாயே.”

வியாழக்கிழமை இருவரும் வேலூரில் இறங்கினார்கள். கிளினிக் ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படியேறின பிறகுதான் பெயர்ப்பலகையே கண்ணில் படும். பார்த்திபன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

சந்தில் திரும்பியதும் அவன் கால் நின்றுவிட்டது. தையல் கடை வாசலில் கம்பெனி கார். மேனேஜரின் டிரைவர் ரஃபி அகமது அதன்மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“போச்சு. ஆள் வெச்சிப் புடிச்சிட்டாரு” என்றான் பார்த்திபன்.

திரும்பி ஓடப் பார்த்தவனின் சட்டையைத் தேவிகா பிடித்து இழுத்தாள். அதற்குள் ரஃபி அகமதும் பார்த்துவிட்டார். இனி ஒளிய வழியில்லை. பார்த்திபன் நேரே போய் நின்றான்.

“பாய், உண்மையச் சொல்லு. என்ன வேவு பாக்கத்தானே அனுப்பினாரு?”

ரஃபி அகமது டீயை உறிஞ்சிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உன்ன எதுக்குப்பா வேவு பாக்கணும்? ரம்ஜானுக்கு முன்னாடிலேர்ந்து வியாழக்கிழமையானா சார இங்கதான் கூட்டினு வர்றேன். மாடியில ஏதோ தோலு டெஸ்டிங் லேப் இருக்குதாமே!”