தூசி எண்ணும் மெஷினும் என் மூஞ்சிப் பவுடரும்

அரசாங்கக் கட்டிடம் எதற்குள் நுழைந்தாலும் என் மூளை வாசலிலேயே செருப்போடு சேர்த்துத் தன்னையும் கழற்றி வைத்துவிடும். இந்த வியாதி எனக்கு மட்டும் உரியதல்ல. எண்பதுகளில் இலங்கையிலிருந்து ரொறொன்ரோவில் வந்திறங்கிய எங்கட ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது இருந்தது. தபால் கந்தோரில் முத்திரை வாங்கப் போனாலும் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். ஆனால் இந்த வியாதி முற்றி, ஒரு ஆராய்ச்சிக் கூடத்தையே இழுத்துப் பூட்ட வைத்த பெருமை எனக்குத்தான் உண்டு.

எண்பத்தாறாம் ஆண்டு. டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ட். இரண்டு அறை, ஏழு பெடியள், ஒரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நான் சிவபாதம் அண்ணையின் கிளீனிங் கொம்பனியில் வேலை செய்தேன். கொம்பனி என்றவுடன் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு பழைய வான், இரண்டு வக்யூம், பிறகு அண்ணையின் குரல். குரல்தான் கொம்பனியின் பெரிய சொத்து. இரவிரவாக டோனட் கடைகளையும் வங்கிகளையும் கூட்டித் துடைத்துவிட்டு, ஊர் எழும்பும் நேரத்தில் வந்து படுப்போம்.

எனக்கு அவசரமாக வேண்டியிருந்தது ஒரு பகல் வேலை. நிரந்தர வேலை. காரணம் வசந்தி. எனக்குப் பேசி முடித்திருந்த பெண். தன் தாயோடு மெட்ராசில் ஒரு வாடகை வீட்டில் காத்திருந்தாள். ஒழுங்கான வேலை இருந்தால்தான் ஸ்பொன்சர் பண்ணலாம் என்று குடிவரவு ஒஃபீசில் சொல்லிவிட்டார்கள். வசந்தியின் அம்மா எழுதும் கடிதங்களில் 'தம்பி, ஒன்றும் அவசரமில்லை' என்ற வசனம் முதலில் கடைசியில் இருந்தது. பிறகு நடுவுக்கு வந்தது. அந்த மாரிக் குளிருக்குள் முதல் வரிக்கே ஏறிவிட்டது. (அவசரமில்லை என்று முதல் வரியில் எழுதுகிறவரைவிட அவசரக்காரர் உலகத்தில் இல்லை.)

இந்த நிலையில்தான் அண்ணை ஒரு நாள் கட்டுக் காகிதத்தோடு வந்தார்.

"டேய் ரவி, டோனட் கடையைத் துடைச்சே சாகப்போறியோ? பெரிய இடம் ஒண்டு வந்திருக்கு. மத்திய அரசாங்கத்தின்ர காசில நடக்கிற ஆராய்ச்சி நிலையம். டெண்டர் விட்டிருக்கினம்."

"அப்ப அரசாங்க வேலையோ அண்ணை?"

"அரசாங்கம் எண்டும் சொல்லேலாது. காசு ஒட்டாவாவில இருந்து வரும். நடத்துறது வேற ஒரு சபை."

"அப்ப தனியாரோ?"

"தனியாரும் இல்லையடா. கொன்ட்ராக்ட் எல்லாம் அரசாங்கச் சட்டப்படிதான் குடுப்பினம்."

"பிறகு என்னதான் அண்ணை அது?"

"தண்ணி கூடின புட்டு மாதிரி எண்டு வை. புட்டும் இல்லை, களியும் இல்லை. ஆனா வயிறு நிரம்பும்."

டெண்டரில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்று, செய்மதியில், அதாவது வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டில், பூட்டுகிற கண்ணாடிகளை வைத்து வேலை செய்யும் ஒரு விசேஷ அறையைத் துப்புரவாக்குவது. அந்த அறைக்குள் தூசியே இருக்கக்கூடாது. ஒரு பொட்டுத் தூசி கண்ணாடியில் இருந்தாலும் செய்மதிக்குக் கண் தெரியாமல் போய்விடுமாம். மற்றது, அதே வளவில் இருந்த வேறு கட்டிடங்கள். அண்ணையின் கண் முழுக்க முதல் பகுதியில்தான்.

"தூசியே இல்லாத அறையைத் துடைக்கிறதுக்குக் காசு தாறாங்களடா! இதைவிட லேசான வேலை எங்க கிடைக்கும்? கிடைச்சா நீதான் சூப்பர்வைசர். அடுத்த நாளே கடிதம் அடிச்சுத் தாறன். வசந்தியைக் கூப்பிடு."

நான் அன்றைக்கே மனதுக்குள் கலியாண மண்டபம் புக் பண்ணிவிட்டேன்.

எங்கள் விலை அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அரசாங்கக் காசு என்றபடியால் விலை மட்டும் போதாதாம். இரண்டு பேர் நேரில் வந்து, அந்த அறையை அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் துடைத்துக் காட்டவேண்டும். அண்ணையும் நானும் போவதாக முடிவானது.

அன்று காலை எங்கள் அப்பார்ட்மென்டில் மாப்பிள்ளை அழைப்புப் போல அமளி. குளித்துவிட்டு வந்த என்னைப் பெடியள் சுற்றி நின்று ஆராய்ந்தார்கள்.

"மூஞ்சியில எண்ணெய் வடியுதடா. அரசாங்க ஆக்களுக்கு முன்னால உப்பிடியே போகப்போறாய்?" என்றான் அறைத்தோழன் நகுலன்.

பவுடர் டின் வந்தது. எங்கள் தலைமுறை ஆண்களுக்குப் பவுடர் பூசாத முகம், பல் விளக்காத வாய் மாதிரி. நான் அளவாகத்தான் தொடங்கினேன். நகுலன் விடவில்லை.

"கழுத்தை விட்டிட்டாய். காதுக்குப் பின்னால போடு. பயத்தில வேர்க்குமடா, நெஞ்சிலயும் முதுகிலயும் கொட்டு." கொட்டினான். டின் வெறுமையாகும்வரை கொட்டினான். வேட்டி கட்டிய சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்றேன். (வேட்டிக்கு மேலேதான் பிறகு காற்சட்டை போட்டேன் என்று நகுலன் இன்றைக்கும் சொல்லுவான். அது பொய்.)

வானில் ஏறினால் அண்ணை தன் பங்குக்குத் திருநீற்றுப் பையை அவிழ்த்தார். "நல்ல காரியத்துக்குப் போறம். வெறும் நெத்தியோட வாறியே!" என்று மூன்று விரலாலும் அள்ளி, என் நெற்றியில் அழுத்தி இழுத்தார். தனக்கும் பூசிக்கொண்டார். வெளியே குளிர் நடுக்கியது. இரண்டு பேரும் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்து விட்டோம். அந்தத் தொப்பிகள் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஆராய்ச்சி நிலையத்தில் எங்களுக்காக இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மிஸிஸ் வில்சன், ஒப்பந்தங்களுக்குப் பொறுப்பான அதிகாரி. சிரிப்பார், ஆனால் சிரிப்புக்கும் விதிமுறை ஒன்று வைத்திருப்பவர் போலச் சிரிப்பார். மற்றவர் பீட்டர். அந்த விசேஷ அறையின் பொறுப்பாளர், நெடுவல், பொறுமைசாலி.

பீட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இன்றைக்கு சிகரெட் பிடித்தீர்களா? இல்லை. மோதிரம், மணிக்கூடு? கழற்றிவிட்டோம். மேக்கப் போட்டிருக்கிறீர்களா?

எனக்கு ரோசம் வந்துவிட்டது. என்னைப் பார்த்து, மீசை வைத்த ஒருவனைப் பார்த்து, இப்படிக் கேட்கலாமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "நோ சேர். ஐ ஆம் எ மேன்."

பீட்டர் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். சாம்பல் நிறமாக இருந்த அந்த முகத்தைப் பார்த்து, பாவம், நல்லாகப் பயந்திருக்கிறான் என்று நினைத்தாராம். பயந்துதான் இருந்தேன். ஆனால் நிறம் பவுடருடையது.

தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்புத் தந்தார்கள். தொப்பியைக் கழற்றிய கையோடு உடுப்பின் முக்காட்டை இழுத்துப் போட்டோம். வாய்க்கு மறைப்பு, கைக்கு உறை. வெளியே தெரிந்தது கண் மட்டும். உள்ளே போனோம்.

அப்படி ஒரு அறையை நான் கண்டதில்லை. வெளிச்சம்கூடக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. மூலையில் ஒரு பெட்டி, அதில் சிவப்பு இலக்கம். காற்றில் எத்தனை தூசி மிதக்கிறது என்று எண்ணும் மெஷினாம். பீட்டர் அதைத் தன் பிள்ளையை அறிமுகப்படுத்துவது போலக் காட்டினார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மிஸிஸ் வில்சன் பேனையோடு நின்றார்.

துடைக்கத் தொடங்கினோம். சொல்லித் தந்தபடி ஒரே திசையில், மெதுவாக. மிஸிஸ் வில்சன் தலையாட்டினார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வசந்தி விமானத்தில் ஏறிவிட்டாள், சாப்பாடுகூடக் கொடுத்துவிட்டார்கள் என்ற உற்சாகத்தில், கீழ்த்தட்டைத் துடைக்கக் குனிந்தேன்.

குனிந்தவுடன் அந்த உடுப்பு கொல்லன் துருத்தி மாதிரி வேலை செய்தது. உள்ளே இருந்த காற்று முழுவதும் கழுத்து வழியாக வெளியே வந்தது. வரும்போது நகுலனின் பவுடரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

மெஷினில் இலக்கம் ஏறியது. பீட்டர் போய் அதைத் தட்டிப் பார்த்தார். நான் நிமிர்ந்தேன், இன்னொரு புகை. இலக்கம் இன்னும் ஏறியது. அண்ணை கண்ணால் 'என்னடா?' என்றார். எனக்கு வேர்த்தது. வேர்வை திருநீற்றோடு சேர்ந்து கண்ணுக்குள் இறங்க, முக்காட்டை ஒதுக்கிவிட்டு நெற்றியை அழுத்தித் துடைத்தேன். நனையாமல் மிஞ்சியிருந்த திருநீறு அந்த வெளிச்சத்தில் அழகாகப் பறந்தது. சிவப்பு இலக்கம் லொத்தர் சீட்டு நம்பர் போல நீண்டுவிட்டது.

அப்போதுதான் சைரன் அடித்தது.

எங்கள் ஊரில் நாங்கள் படித்த பாடம் ஒன்றுதான். பெரிய சத்தம் கேட்டால் முதலில் குப்புற விழு, பிறகு என்னவென்று விசாரி. விழுந்தேன். விழுந்துகொண்டே, "படுங்கோ அண்ணை!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணை எனக்கு முதலே படுத்திருந்தார். நான் விழுந்த வேகத்தில் உடுப்புக்குள் மிச்சம் இருந்தது எல்லாம் ஒரே புகையாகக் கிளம்பி, எங்கள் இரண்டு பேருக்கும் மேலே மெல்ல மெல்ல இறங்கியது.

கனடாவின் மிகத் துப்புரவான நிலத்தில் முகம் புதைத்தபடி அண்ணை கேட்டார்: "ரவி, எங்கயடா வெடிச்சது?"

"தெரியாது அண்ணை. தலையைத் தூக்காதேங்கோ."

"அவன் பீட்டர் நிக்கிறானேடா."

"அவனுக்குப் பழக்கமில்லை அண்ணை."

வெளியே கொண்டுவந்து கதிரையில் இருத்தினார்கள். அறையை இழுத்துப் பூட்டினார்கள். பீட்டர் என் முக்காட்டைக் கழற்றினார். என் முகத்தை முதன்முறையாக முழுதாகக் கண்ட மிஸிஸ் வில்சன் ஓரடி பின்னால் போனார். பீட்டர் ஒட்டும் டேப் ஒன்றை என் நெற்றியில் ஒட்டி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"பவுடர்," என்றார். "மற்றது... சாம்பலா?"

"மேக்கப் இல்லை என்றீர்களே?" என்றார் மிஸிஸ் வில்சன்.

அண்ணை காப்பாற்ற வந்தார். "மேடம், பவுடர் முகத்துக்கு. சாம்பல் கடவுளுக்கு."

"எதை எரித்த சாம்பல்?"

அந்த இடத்தில் அண்ணை ஏதாவது மரத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். எத்தனை மரங்கள் இருக்கின்றன! ஆனால் அண்ணை அரசாங்க அதிகாரிக்குப் பொய் சொல்லாத மனிதர்.

"கவ் டங், மேடம்," என்றார். பிறகு மிஸிஸ் வில்சனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாக, "வெரி கிளீன் கவ்," என்று சேர்த்துக்கொண்டார்.

பீட்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வானில் திரும்பி வந்தோம். எனக்கு மாமியின், அதுதான் வசந்தியின் அம்மாவின், கடிதம்தான் கண்ணுக்குள் நின்றது. டோர்செட் பார்க் வந்த பிறகு அண்ணை, "பரவாயில்லையடா, டோனட் கடை எங்கயும் ஓடிப்போகாது," என்றார். அந்தக் குரலில் முதல் தடவையாகச் சத்தம் குறைந்திருந்தது. அதுதான் என்னை அழப்பண்ணியது.

சில நாட்கள் கழித்து மிஸிஸ் வில்சன் தொலைபேசியில் கூப்பிட்டார். விசேஷ அறை வேறு கொம்பனிக்குப் போய்விட்டது. இரண்டாவது பகுதிக்கு எங்கள் விலைதான் குறைவு. அதில் பெரியது தச்சுப் பட்டறை. கருவிகள் அனுப்புவதற்கு மரப்பெட்டி அடிக்கும் இடம். முழங்கால் அளவு மரத்தூள். டெண்டர் கமிட்டியில் பீட்டரிடம் அபிப்பிராயம் கேட்டார்களாம். "தூசியோடு இவ்வளவு நெருக்கமாகப் பழகியவர்களை நான் கண்டதில்லை," என்று சொல்லியிருக்கிறார்.

பகல் வேலை. நிரந்தர வேலை. அண்ணை சொன்னபடி கடிதம் அடித்துத் தந்தார்.

கையெழுத்து வைக்கும்போது பார்த்தோம், ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வாசகம் சேர்த்திருந்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஊழியர்கள் உடம்பில் பவுடர், சாம்பல், கால்நடைகளில் இருந்து பெறப்பட்ட உலர்ந்த பொருட்கள் எதனையும் பூசிக்கொண்டு வளவுக்குள் வரக்கூடாது. மரத்தூளுக்குள் நின்று வேலை செய்யப்போகிறவனுக்கு எதற்கு இது? கேட்கும் தைரியம் எங்களுக்கு வரவில்லை. அன்றிலிருந்து நான் வெறும் நெற்றியோடும் எண்ணெய் வடியும் முகத்தோடும் திரிந்தேன். வேலை இல்லாத நாளிலும்கூட. (எங்கிருந்தாவது மிஸிஸ் வில்சன் பார்த்துவிட்டால்?)

அடுத்த வருஷம் வசந்தி வந்தாள். கலியாணத்துக்கென்று விசிட்டர் விசாவில் மாமியும் கூடவே. விமான நிலையத்தில் மாமி என்னைப் பார்த்த பார்வை நெற்றியிலேயே நின்றுவிட்டது. மகளின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது.

"பிள்ளை, இவர் வேதக்காரராப் போட்டாரோ?"

நான் கிறிஸ்தவனாகிவிட்டதாக நினைத்து, வந்ததும் வராததுமாகக் கலியாணத்தைக் குழப்பப்போகிறார் என்று எனக்குப் பதறியது. பதற்றத்தில் நான் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று இவ்வளவு நேரம் வாசித்த உங்களுக்குத் தெரியும்.

"இல்லை மாமி. திருநீறு பூசக்கூடாதெண்டு அரசாங்கத்தின்ர உத்தரவு."

எங்களைக் கடந்து சீருடையில் ஒரு காவல்காரன் போனான். மாமி அவனைப் பார்த்தார். சேலைத் தலைப்பை எடுத்து, தன் நெற்றியை ஒரே இழுவையில் துடைத்தார். பிறகு எட்டி, மகளின் நெற்றியையும் துடைத்தார்.

நான் எவ்வளவோ விளக்கிச் சொன்னேன், ஒப்பந்தத்தையும் காட்டினேன். மாமி நம்பவில்லை. வீட்டுக்குள் பட்டையாகப் பூசுவார். வெளியே பஸ் டிரைவரின் தொப்பி தெரிந்தாலும் தலைப்பு மேலே போய்விடும். வசந்தியும் நானும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிள்ளைகள் பிறந்து, அவர்களும் சிரிக்கப் பழகினார்கள்.

இப்போதும் அமெரிக்காவுக்குப் போக பஃபலோ எல்லையைக் கடக்கக் காரை நிறுத்தும்போது, அதிகாரி ஜன்னலுக்குள் குனிந்து, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பதற்கு ஒரு நொடி முன்னால், பின் சீற்றிலிருந்து என் மகள் சொல்லுவாள்: "அப்பா, ரிலாக்ஸ். நெத்தி கிளீன்!"

தெரியும். ஆனாலும் என் கை ஒருமுறை மேலே போய்த் துடைத்துவிட்டுத்தான் இறங்கும்.